இரண்டு மணி நேரம் கேட்டு வந்தவள்

எனக்கு ஒரு நாள் என்பது தொண்ணூற்றாறு கட்டம். கால்மணிக்கு ஒரு கட்டம். தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுக்கும் டைரியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அந்தந்தக் கால்மணியில் என்ன செய்தேன் என்று எழுதிவிடுவேன். உருப்படியான வேலை என்றால் பச்சைப் பென்சில், வெட்டிப்பொழுது என்றால் சிவப்பு. காலேஜில் சேர்ந்த வருஷம் ஆரம்பித்த பழக்கம். தலை பின்ன எனக்கு ஏழு நிமிஷம் ஆகிறது என்று கண்டுபிடித்து, அதை நாலாகக் குறைத்தபோது வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் உமாதேவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். சொல்லாமல் இருந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள்.

பி.காம். முடித்ததும் கோவில்பட்டியிலேயே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டிய சரக்கு லாரி தினமும் எட்டு மணிக்குத்தான் கிளம்பும். ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நான் ஒரு வாரம் உட்கார்ந்து கட்டம் போட்டுப் பார்த்தேன். மேனேஜர் கையெழுத்துப் போட வரும் நேரத்தில் பில் போடுகிறவர் சாப்பிடப் போயிருப்பார்; அவர் திரும்பி வரும்போது மேனேஜர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். ஒருவருடைய சாப்பாட்டை அரை மணி முன்னால் தள்ளினேன். லாரி ஐந்தேகாலுக்குக் கிளம்பியது. முதலாளி பூவனநாதன் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இதுக்குன்னே நீ தனியா ஒரு கடை போடலாம் போலிருக்கே" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாயிரத்து இரண்டு ஏப்ரலில் வேலையை விட்டேன். ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அறை எடுத்து 'நேர ஆலோசனை மையம்' என்று போர்டு மாட்டினேன். முதல் மாதம் வந்தவர்கள் எல்லாம் கையில் ஜாதகத்தோடு வந்தார்கள். ஒருத்தர் கிணறு வெட்ட நல்ல நேரம் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், எந்த நேரத்தில் வெட்டினாலும் இந்தக் கரிசலில் உப்புத் தண்ணிதான் வரும், போங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

வேலையை விட்டதற்கு அம்மா தடை சொல்லவில்லை. அப்பா தவறிய பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா பெயர் சீனித்தாய். ஏழேகாலுக்குத் தட்டில் இட்லி வந்துவிடும். எட்டு மணிக்குத் தேய்த்த சேலை கட்டிலில் இருக்கும். எட்டரைக்கு நான் வாசலில் இறங்கிவிடுவேன். பத்து வருஷத்தில் ஒரு நாள் பிந்தியது கிடையாது. என்னுடைய ஒழுங்கு அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என்னைப் புரிந்துகொண்டு வந்த ஆள் குத்புதீன் பாய். புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல் யூனிட் வைத்திருப்பவர். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் கழித்துத்தான் அவருடைய யூனிஃபார்ம் கடைகளுக்குப் போய்ச் சேரும். இரண்டு நாள் அங்கே போய் உட்கார்ந்தேன். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற ஒரே ஆள் காலை முழுக்கச் சும்மா இருந்தார், சாயங்காலம் அத்தனை சட்டையும் மொத்தமாக அவர் தலையில் வந்து விழுந்தது. தைக்கும் வரிசையை மாற்றினேன். அந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள் இருக்கும்போதே யூனிஃபார்ம் போய்விட்டது. பாய் அதற்கப்புறம் பார்க்கிறவர்களிடம் எல்லாம் என்னைப் பற்றியே பேசினார்.

ஆகஸ்டில் ராதாமணி வந்தாள். முப்பத்து நாலு வயது. ஒரு பால்வாடியில் ஆயா. மாடியேறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள்ளேயே கேட்டுவிட்டாள்.

"டீச்சர், எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் கண்டுபிடிச்சுக் குடுக்க முடியுமா?"

"எதுக்குக்கா?"

"படிக்கணும். பத்தாங்கிளாஸ்ல கணக்கு மட்டும் போயிட்டு. இருபத்தொம்பது மார்க்கு. அதுக்குப் பொறவு பதினேழு வருஷம் போச்சு. இப்போ எங்க பால்வாடிலயே டீச்சர் வேலை காலியா இருக்கு, பாஸ் பண்ணிட்டா எனக்குக் குடுக்கேன்னு சொல்லுதாவ. அடுத்த வருஷம்னா வயசு தாண்டிரும். அக்டோபர்ல எழுதணும்."

புருஷன் லிங்கராஜ் லாரி டிரைவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இரண்டு பிள்ளைகள். மாமியார் பத்திரகாளிக்கு முழங்கால் வலி. "தேடித் தேடிப் பாத்தேன் டீச்சர், எனக்குத் தட்டுப்படல" என்றாள், ஏதோ கொத்துச்சாவியைத் தொலைத்தவள் மாதிரி.

எல்லாருக்கும் இருபத்து நாலு மணி நேரம்தான், அதற்குள் இரண்டு மணி நேரம் இல்லாமலா போய்விடும் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். இப்போது நினைத்தாலும் என்னைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

ஒரு நாள் முழுக்க அவள் வீட்டில் உட்கார்ந்து கட்டம் போட்டேன். காலையில் அசைக்க ஒன்றுமில்லை. மத்தியானம் வரைக்கும் பால்வாடி. மூன்று மணிக்குத் தெருமுனையில் இருக்கிற கறுப்புத் தொட்டிக்கு லாரி தண்ணீர் வரும். வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவைதான். இடையில் எல்லாருக்கும் தொட்டிதான். மூன்று மணி என்பது பேச்சுக்கு; நாலரைக்கும் வரும், ஐந்தரைக்கும் வரும். இரண்டு மணியிலிருந்தே குடங்கள் வரிசையில் நிற்கும். குடம் இல்லாவிட்டால் ஓட்டை வாளி, அதுவும் இல்லாவிட்டால் ஒரு கல். எது நின்றாலும் அது இன்னாருடைய இடம் என்று தெருவுக்கே தெரியும், யாரும் தொட மாட்டார்கள். இருந்தும் இருபத்திரண்டு பொம்பளைகளும் குடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடமே ஆளுக்குப் பதிலாக நிற்கும்போது ஆள் எதற்கு? இருபத்திரண்டு பேருக்கும் முறை போட்டு ஒரு அட்டை எழுதினேன். தினம் ஒருத்தி காவல் இருக்க வேண்டியது, லாரி வந்ததும் அவள் குரல் கொடுக்க வேண்டியது, மற்றவர்கள் வீட்டுக்குப் போய் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டியது. ராதாமணிக்குக் கேட்ட இரண்டு மணி நேரம் கிடைத்தது. கூடவே இன்னும் இருபத்தொரு பேருக்கும் கிடைத்தது. அன்றைக்கு என் டைரியில் பச்சைப் பென்சில் தேய்ந்தே போயிற்று.

மூன்று வாரம் கழித்துப் போனேன். கணக்குப் புத்தகத்தில் பத்தாம் பக்கம் தாண்டவில்லை.

"என்னக்கா இது? நான் மெனக்கெட்டு நேரம் எடுத்துக் குடுத்தேன், நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கத்தியேவிட்டேன்.

ராதாமணி கோபப்படவில்லை. கையைக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் மிளகாய் வத்தல் காரத்தில் சிவந்திருந்தது. பத்திரகாளி வீட்டிலிருந்தபடியே கமிஷன் கடைக்கு வத்தல் காம்பு கிள்ளிக் கொடுக்கிறவள். நான் அங்கே உட்கார்ந்திருந்த நாளில் மூட்டை வரவில்லை, அதனால் என் கட்டத்தில் அது விழவில்லை.

"வீட்டுல சும்மா இருந்தா அத்தை மூட்டையப் பிரிச்சிருதாவ, டீச்சர். நான் புத்தகத்த எடுத்தா, ரெண்டு கையும் சும்மாத்தானே இருக்குங்காவ. அவியளச் சொல்லியும் குத்தமில்ல. நீங்க மிச்சம் புடிச்சுக் குடுத்ததெல்லாம் வத்தலுக்குப் போயிட்டு."

அடுத்த வீட்டு நூருன்னிசா கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்குப் பேர்போனவள். "மொதல்ல அந்த அட்டையக் கிழிச்சுப் போடுங்க" என்றாள். "தொட்டிக்குப் பக்கத்துல இருந்தாத்தான் எங்கள யாரும் ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. மாமியா கூப்பிட முடியாது, மாப்பிள கூப்பிட முடியாது. தண்ணிக்குப் போயிருக்கான்னா அதுக்கு மேல பேச்சே கெடையாது. அந்த ரெண்டு மணி நேரம்தான் எங்களுக்குன்னு இருந்திச்சு. அதையும் கொண்டுபோயி வீட்டுல குடுத்திட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. வெட்கம் இல்லை, வெறும் கோபம். நேரே தொட்டிக்குப் போய் அட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று ஆறு கட்டம் சிவப்பு.

ஆனால் அதற்குப் பிறகு வேலை நடந்தது. ராதாமணி குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். வாரத்தில் மூன்று நாள் நானும் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். வட்டி வீதமும் சதவீதமும் அவளை விட வரிசையில் இருந்த மற்றவர்களுக்குச் சீக்கிரம் வந்தது. உருளையின் கன அளவுக்குத் தெருவே சண்டை போட்டது. நூருன்னிசா ஒரு நூலை எடுத்துக்கொண்டு தொட்டியையே அளக்கப் போய்விட்டாள். செப்டம்பர் கடைசியில் வைத்த மாதிரிப் பரீட்சையில் ராதாமணி ஐம்பத்தொன்று வாங்கினாள்.

அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருக்கும்போதுதான் நூருன்னிசா கேட்டாள். "டீச்சர், உங்க வீட்டுக்கு யாரு தண்ணி புடிக்கா?"

"எங்க அம்மா."

"நீங்க?"

"எனக்கு எங்க நேரம்?"

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, நாளைக்கு நான் தண்ணிக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் வீம்பாகச் சொன்னேன். "ஒனக்கு வரிசையில நிக்கத் தெரியாதுட்டி. சண்ட போட்டுட்டு வந்துருவ" என்று அம்மா முடித்துவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். சந்தோஷமாகவே விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் குத்புதீன் பாய் எனக்காக ஒரு வகுப்பு ஏற்பாடு செய்திருந்தார். தையல் யூனிட்காரர்கள், தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள், கடைக்காரர்கள் என்று நாற்பது பேர். ஒரு கல்யாண மண்டபத்தில், அக்டோபர் பத்தாம் தேதி வியாழக்கிழமை, காலை பத்து மணி. "தங்கச்சி, இவ்வளவு பேரும் ஒரே இடத்துல ஒக்காருறது அபூர்வம். நல்லா முடிஞ்சா ஒனக்கு ஆபீஸ் ஆபீஸா வேலை இருக்கு. சொதப்பிட்டா என்னையும் சேத்துத்தான் சிரிப்பாங்க" என்றார். எனக்கும் அது தெரிந்திருந்தது. கையில் இருந்தது கரைந்துவிட்டது, அறை வாடகைக்கே இழுபறி. அந்த வகுப்பு கெட்டால் பழையபடி பில் போடத்தான் போக வேண்டும். ராதாமணியின் கணக்குப் பரீட்சையும் அதே நாள் அதே பத்து மணிக்குத்தான். அவள் அங்கே, நான் இங்கே, இதில் இடிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டேமுக்காலுக்கு அறையில் வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கீழே ஜெராக்ஸ் கடைக்கு எனக்குப் போன் வந்தது.

"டீச்சர், நல்ல தண்ணி வந்துட்டு." ராதாமணியின் குரல் தட்டையாக இருந்தது. "பதினோரு நாள் கழிச்சு இப்பத்தான் வந்திருக்கு. நான் பரீட்சைக்குப் போகல. நீங்க வகுப்புக்குப் போற வழில பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்து தேடிரக் கூடாதுன்னுதான் பூத்துக்கு ஓடியாந்தேன். வச்சிருதேன்."

"அக்கா, பக்கத்துல யாரையாவது..."

"தெரு முழுக்க அவுங்கவுங்க வீட்டுல பிடிச்சிட்டு இருக்காங்க. யார கூப்பிட? பதினோரு மணிக்கு நின்னுரும். அத்தைக்கு எந்திரிக்க முடியாது. பிள்ளையளுக்குத் தண்ணி வேணும்லா." போனை வைத்துவிட்டாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, தண்ணீர் மேல் வந்தது, லாரியோடு எங்கோ கிடக்கிற லிங்கராஜ் மேல் வந்தது. ஆட்டோ பிடித்தேன். மண்டபத்துக்குப் போகச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் வாய் வரைக்கும் வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது. பிறகு ராதாமணி தெருவைச் சொன்னேன்.

அவள் குடமும் கையுமாக வாசலில் நின்றாள். பரீட்சைக்குக் கட்டிய சேலையை மாற்றக்கூட இல்லை.

"ஹால் டிக்கெட்ட எடுத்துக்கிட்டு இதே ஆட்டோவுல ஏறுங்க. தண்ணிய நான் பாத்துக்கிடுதேன்."

"உங்க வகுப்பு?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மாத்தியாச்சு."

நேரத்தைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது. அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். போய்விட்டாள். அவள் நாற்பத்தேழு மார்க் வாங்கியதையும், மறு தையிலேயே பால்வாடி டீச்சர் ஆனதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பத்திரகாளி ஒரு முக்காலியைப் போட்டு, வீட்டுக் குழாயில் மாட்டியிருந்த அடிபம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால்தான் வராது, கை இரும்பு. அவள் அடிக்க அடிக்க நான் சுமந்தேன். உள்ளே இரண்டு டிரம், ஒரு அண்டா, பின்பக்கம் சிமெண்டுத் தொட்டி.

"குடத்த இடுப்புல ஏத்து தாயி. கையில தூக்குனா நாலு குடத்துல ஒஞ் சோலி முடிஞ்சிரும்."

ஏற்றினேன். பன்னிரண்டாவது குடத்தில் இடுப்பு விட்டுப் போயிற்று. இருபதுக்குப் பிறகு எண்ணவில்லை. சேலை முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. சுவரில் கடிகாரம் பத்தைத் தொட்டபோது சிமெண்டுத் தொட்டி பாதிகூட நிறையவில்லை.

"அவ பாஸாயிருவாளா?" என்று பத்திரகாளி பம்பை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஆயிருவாங்க."

"நான் ஒண்ணும் படிக்க வேண்டாம்னு சொல்லல. மூட்ட வந்து எறங்குச்சின்னா எனக்குப் பதட்டம் வந்துருது. அம்புட்டுத்தான்." முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தாள்.

சுமந்துகொண்டே எங்கள் வீட்டு டிரம்களை நினைத்தேன். எங்கள் வீட்டிலும் இரண்டு டிரம், ஒரு அண்டா, ஒரு தொட்டி. பத்து வருஷத்தில் அவை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை, நிறைவதையும் பார்த்ததில்லை. அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. பச்சைப் பென்சிலால் நான் தீட்டிய கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்பது ஈரச் சேலையோடு அந்த வீட்டு நடையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நூருன்னிசா ஏன் சிரித்தாள் என்பதும் உறைத்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்னும் ஆறு குடம் கொண்டுபோய் ஊற்றினேன், தொட்டி நிறைந்தது.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐம்பது. பாய் வாசலிலேயே நின்றார். என் கோலத்தைப் பார்த்ததும் திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க தங்கச்சி. நேரத்தப் பத்திப் பேச வாரவங்களுக்கே நேரம் இல்லியான்னு கேட்டுட்டுப் போறாங்க. மத்தவங்க அந்த அம்மாவுக்காகத்தான் இருக்காங்க."

"எந்த அம்மா?"

உள்ளே பார்த்தேன். கடைசி வரிசையில், சுவர் ஓரமாக, எங்கள் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்ததும் வாசலை மறித்து நின்றாளாம். "எம் மவ பத்து வருஷத்துல ஒரு நாளும் பிந்துனதில்ல. இன்னைக்குப் பிந்துதான்னா காரணம் இருக்கும். இருந்து கேட்டுட்டுப் போங்க" என்றாளாம். முன்பின் தெரியாத ஆம்பிளைகள் நாற்பது பேர் முன்னால். வீட்டுக்கு வருகிற கரண்ட் பில்காரரிடமே அதிகம் பேசாதவள்.

நேரே அவளிடம் போனேன். "நீ எதுக்கும்மா வந்த?"

"நீயும் பத்து வருஷமா என்னத்தயோ கோடு போட்டு எழுதுத. என்னதான் எழுதுதன்னு கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்." சேலையைப் பார்த்தாள். "இது என்னட்டி கோலம்?"

"தண்ணி புடிச்சேன்."

"யாரு வீட்டுக்கு?"

நான் முன்னால் போனேன். பத்தொன்பது பேர் இருந்தார்கள். போன ஆட்கள் திரும்ப வரவே இல்லை. அன்றைக்கு இருந்த பத்தொன்பது பேரை வைத்துத்தான் இன்று வரை என் பிழைப்பு ஓடுகிறது. அப்போது அது எனக்குத் தெரியாது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். சுருட்டி வைத்த வரைபடங்கள் ஆட்டோவோடு போய்விட்டன. கையில் ஒன்றும் இல்லை, மைக்கும் இல்லை.

"நேரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று சொல்லித்தரத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்தேன். "நான் ஒரு நிமிஷத்தைக்கூட மிச்சம் பிடித்ததில்லை. என்னிடம் இருந்த நேரம் எல்லாம் எங்கள் அம்மாவுடையது. தண்ணீருக்கும் அடுப்புக்கும் அவள் போனதால்தான் நான் உட்கார்ந்து கட்டம் போட்டேன். பத்து வருஷம் கடன் வாங்கியிருக்கிறேன். ஒரு நாள்கூட அவள் பெயரை அதில் எழுதியதில்லை."

முன்வரிசையில் ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டார். குத்புதீன் பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கடைசி வரிசையிலிருந்து அம்மா எழுந்தாள்.

"ஏட்டி, சத்தமாச் சொல்லு" என்றாள். "இங்கன ஒண்ணும் கேக்கல."